கருப்பன் இட்ட மை

சுப்பையனின் காது மடல்கள் நீலம் பாய்ந்த கறுப்பாக இருக்கும். கண் வெள்ளையிலும் ஒரு பழுப்புப் புள்ளி. மலாய் நாட்டில், காஜா பேராங்கில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். புக்கிட் ரம்பாய்க்குப் பஸ் ஓட்டினார். நாற்பது வயதிலேயே முதுகு விறைத்துவிட்டது. கழுத்து திரும்பாததால் உடம்போடு திரும்பித்தான் பின்னால் பார்ப்பார். “அண்ணே திரும்புறாரு, எல்லாரும் வழி விடுங்க!” என்று கண்டக்டர் கத்துவார்.

அந்தக் குடும்பத்தில் சில குழந்தைகளின் மூத்திரத் துணி, சோப்பு பட்டதும் கறுத்துப் போகும். குலதெய்வம் கருப்பன் இட்ட மை என்று அதைக் கொண்டாடினார்கள். மை விழுந்த பிள்ளைக்குச் சொந்தத்தில்தான் சம்பந்தம். மை வெளியே போய்விடக் கூடாதாம். சுப்பையன் கட்டியதும் மாமன் மகளைத்தான். மகள் ஜெயாவின் துணியும் கறுத்தது. அன்றைக்கே அவருடைய அக்காள் பொன்னம்மா, தன் மகன் கணேசமூர்த்திக்கு அவளைப் பேசி வைத்துவிட்டார்.

சுதந்திரம் கிடைத்த மறு வருடம், கல்யாண ஏற்பாடு நடந்துகொண்டிருந்தபோது, இடுப்பு வலி தாங்காமல் சுப்பையன் ஆஸ்பத்திரிக்குப் போனார். டாக்டரின் ஆங்கிலத்தைத் தமிழில் சொல்ல என்னை அழைத்துக்கொண்டார். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான்.

டாக்டர் காதைத் தடவிப் பார்த்தார். மூத்திரத்தில் ஏதோ மருந்தை ஒரு சொட்டு விட்டார், கறுத்தது. பிறவிக் கோளாறு என்றார். உடம்பில் உடைய வேண்டிய ஒரு பொருள் உடையாமல் மூட்டுகளில் படிகிறது. சீக்கிரம் உயிரை எடுக்காது, மருந்தும் இல்லை. தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் வந்தால்தான் பிள்ளையைப் பிடிக்கும். சொந்தத்துக்குள்ளேயே கட்டுவதால் இந்தக் குடும்பத்தை விடாமல் பிடிக்கிறது.

சாமி இல்லை, நோய் என்று சொல்ல நான் யார்? இன்றும் விடை தெரியவில்லை. டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னேன்.

“அப்ப ஜெயாவுக்கும் இந்த முதுகு வருமா?”

“வரும்னுதான் சொல்றாரு, அண்ணே.”

“அவ பிள்ளைங்களுக்கு?”

“கணேசமூர்த்திக்கு வெளிய தெரியாம உள்ளுக்குள்ள இருந்தா, பாதிப் பிள்ளைங்களுக்கு வரலாமாம்.”



ஞாயிற்றுக்கிழமை உஜோங் பாசிரிலிருந்து பொன்னம்மா கல்யாணப் புடவையோடு வந்தார். டாக்டர் சொன்னதைச் சாட்சி சொல்ல நானும் அங்கே இருந்தேன். இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்றார் சுப்பையன்.

“ஏன்டா, எம்மவனுக்கு என்ன குறைச்சல்?”

“அவனுக்கு ஒன்னும் இல்லக்கா. எனக்குத்தான்.”

“வெள்ளைக்காரனே போயிட்டான். அவன் படிப்ப வச்சுக்கிட்டு நம்ம சாமிய நோயிங்குறியா?”

“நான் காலையில பஸ்ஸுல ஏறுறத ஒரு நாள் வந்து பாருக்கா. அப்புறம் சாமியான்னு சொல்லு.”

“வெளிய எவன்டா இவளக் கட்டுவான்?”

அதற்குள் ஜெயா அடுப்படியிலிருந்து வந்தாள்.

“எல்லாத்தையும் சொல்லிருவோம் அத்தை. கேட்டுட்டுக் கட்டுறவன் கட்டட்டும். இல்லாட்டி இப்படியே இருந்துட்டுப் போறேன்.”

“வாய் மட்டும் நல்லா கறுத்திருக்குடி உனக்கு,” என்று பொன்னம்மா புடவையைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினார்.

பெண் பார்க்க வந்த இரண்டு வீட்டார், விஷயத்தைக் கேட்டதும் எழுந்து போனார்கள். சொந்தத்தில் சேராத, குருபோங் ஊர் லாரி மெக்கானிக் மருதமுத்துதான் கடைசியில் சரி என்றார். அந்தக் கல்யாணத்துக்குப் பொன்னம்மா வரவில்லை. கணேசமூர்த்தி வந்து, பந்தியில் சாம்பார் ஊற்றினான்.