சட்டியில் ரொட்டியை விட்ட முதலாளி

எங்கள் பனிச்சறுக்கு விடுதியின் சமையல்காரர் தியோஃபில் ஒரு விஷயத்தில் யாருக்கும் இறங்கிவர மாட்டார். எங்கள் ஊர் வழக்கப்படி, எல்லாரும் முள்கரண்டியில் குத்தித் தோய்த்துத் தின்னும் உருக்கிய சீஸ் சட்டியில் ரொட்டித் துண்டை நழுவவிட்டவர், கோடீஸ்வர விருந்தாளியே ஆனாலும், வெறுங்காலோடு பனியில் விடுதியைச் சுற்றி ஓடவேண்டும். நேற்று நழுவவிட்டவர் முதலாளி இம்போடன்.

"ஓட மாட்டேன். உன் வேலை போச்சுய்யா!"

"போகட்டும் முதலாளி. முதல்ல பூட்ஸைக் கழட்டுங்க."

விருந்தாளிகள் எல்லாரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவர் காலையே பார்த்தார்கள். நான் வாசல் விளக்கைப் போட்டேன். இம்போடன் ஓடினார். சிவந்த காலோடு திரும்பிவந்து, "இப்போ வெளியே போய்யா!" என்று கத்தினார்.

"சட்டி அடியில சீஸ் முறுகல் இருக்கே. அதைப் பங்கு போடாம யாரும் எந்திரிக்கக் கூடாதுல்ல?"

அதுவும் எங்கள் ஊர் வழக்கம்தான். இம்போடன் தட்டை நீட்டினார்.

"சுரண்டிப் போடு. நாளைக்கு ரொட்டியைக் கொஞ்சம் பெரிசா வெட்டு."