பலகையைத் திருப்பி வைத்தேன்

திருத்தணியில் குழந்தைகளுக்கு ஐ.க்யூ. டெஸ்ட் வைப்பவனுக்கு வழுக்கைத் தலை ஒரு வசதி. மலையில் முடி இறக்கிவிட்டு நேராக என் அறைக்கு வரும் பிள்ளைகள் என்னையும் தங்கள் கட்சி என்று நினைத்துச் சிரித்துவிடும். குழந்தை நம்மோடு இப்படி ஒட்டிக்கொள்வதை எங்கள் தொழிலில் ‘ரப்போ’ என்பார்கள். மற்றவர்கள் அதைப் படித்து வாங்கினார்கள். எனக்குப் பரம்பரையாக வந்தது.

கவிதாவும் அப்படித்தான் சிரித்தாள். ஏழு வயது. பேச்சு தாமதம், பள்ளியில் ஒன்றும் பிடிபடவில்லை. அப்பா முனுசாமி, ஆர்.கே.பேட்டையில் பவர்லூம் ஓட்டுகிறவர். மாற்றுத்திறனாளி சர்ட்டிபிகேட் கிடைத்தால் அவளுக்குச் சிறப்பு ஆசிரியர் வருவார், உதவித்தொகையும் வரும். அதற்கு என் ரிப்போர்ட் வேண்டும்.

ஃபார்ம் போர்டை எடுத்து வைத்தேன். வட்டம், சதுரம், நட்சத்திரம் என்று குழி வெட்டிய மரப்பலகை. அந்தந்தக் கட்டையை அந்தந்தக் குழியில் போட வேண்டும், நான் ஸ்டாப்வாட்ச்சில் நேரம் பார்ப்பேன். கவிதாவின் கையைத் தொட்டால் அனலாக இருந்தது. காய்ச்சல் பிள்ளைக்கு டெஸ்ட் வைக்கக் கூடாது. “ஒடம்பு சரியானதும் கூட்டிகினு வாங்க” என்று அனுப்பிவிட்டேன். முனுசாமி மட்டும் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அடுத்த மாதம் வந்தார்கள். கவிதா கட்டைகளை மடமடவென்று போட்டு முடித்தாள். நானே அவ்வளவு வேகமாகப் போட்டதில்லை. யாரும் இல்லாதபோது முயன்று பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். ஆனால் மற்ற கேள்விகள் ஒன்றுக்கும் அவளிடம் பதில் இல்லை.

கொஞ்ச நேரம் என் ரப்போ மீது எனக்கே பக்தி வந்துவிட்டது. அப்புறம் பயம் வந்தது. இந்த மார்க்கைச் சேர்த்து எழுதினால் மொத்தம் கூடிவிடும், சர்ட்டிபிகேட் கைநழுவிப் போகும்.

பலகையை மேசை மேலேயே அரைச் சுற்று சுற்றி, தலைகீழாகத் திருப்பி வைத்தேன். அது டெஸ்ட்டில் சேராத வேலை, அதற்கு மார்க் கிடையாது. கவிதா வட்டக் கட்டையைப் பழைய இடத்திலேயே கொண்டுபோய் அழுத்தினாள். அங்கே இப்போது வேறு குழி. மறுபடி அழுத்தினாள். பிறகு அப்பாவைத் திரும்பிப் பார்த்து, “நைனா” என்றாள்.

“வீட்ல எதனா பழக்கினீங்களா?” என்று கேட்டேன்.

“ஆங் சார். ஆசாரிகிட்ட சொல்லி இதே மாதிரி ஒண்ணு செஞ்சிகினேன். தெனம் தறிய நிறுத்திட்டு ரெண்டு பேரும் குந்திகினு போடுவோம். என் சம்சாரம் கூட நல்லா போடுவா சார்.”

“எதுக்குங்க?”

“பாஸானாத்தானே சார் சர்ட்டிபிகேட்டு குடுப்பீங்க?”

“இது பரீட்சை இல்லீங்க. பாப்பாக்கு எதுல கை குடுக்கணும்னு பாக்குறோம், அவ்ளோதான்.”

“அப்போ ஃபெயிலானாத்தான் குடுப்பீங்களா?”

நான் தண்ணீர் குடித்தேன்.

முனுசாமி குரலைத் தாழ்த்தினார். “நான் பழக்கனதால பாப்பாக்கு வரவேண்டிய சர்ட்டிபிகேட்டு போயிடுச்சா சார்?”

“போவாதுங்க. வேற டெஸ்ட் இருக்குது.”

இந்தத் தொழிலுக்கு வரும் இளையவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரே வயதுப் பிள்ளைகள் பலரிடம் ஒரே மாதிரி டெஸ்ட் வைத்து எடுத்த அளவுகளைத்தான் நார்ம்ஸ் என்கிறோம். அந்தப் பிள்ளைகள் யாரும் வீட்டில் ஆசாரிப் பலகை வைத்துப் பழகவில்லை. பழகிய பிள்ளையை அவர்கள் பக்கத்தில் நிறுத்தி அளந்தால், வருகிற எண்ணுக்கு அர்த்தம் கிடையாது. அதனால் அந்த மார்க்கை நான் கணக்கில் எடுக்கவில்லை. ஏன் எடுக்கவில்லை என்பதையும் ரிப்போர்ட்டில் எழுதினேன். இன்னொரு நாள், அவள் பார்த்தே இராத டெஸ்ட்டை, முனுசாமியை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு வைத்தேன். அவளுக்கு உதவி தேவை என்பது உறுதியானது.

கடைசியில் ஒரு வரி கூடுதலாக எழுதினேன்: பொறுமையாகத் திரும்பத் திரும்பக் காட்டினால் இந்தக் குழந்தை கற்றுக்கொள்கிறாள். என் பெட்டியில் இருந்த எந்த டெஸ்ட்டும் எனக்கு அதைச் சொல்லவில்லை. பிள்ளை இன்று எங்கே நிற்கிறாள் என்றுதான் மார்க் சொல்லும். எப்படி நடக்கிறாள் என்பதை அவளோடு உட்கார்ந்தவரைத்தான் கேட்க வேண்டும்.

சர்ட்டிபிகேட் வந்த பிறகு முனுசாமி என்னைப் பார்க்க வந்தார். பேசிக்கொண்டே மேசை மேலிருந்த டெஸ்ட் பெட்டியை எட்டிப் பார்த்தார். “இது இன்னா சார்? இதையும் ஆசாரிகிட்ட...”

பெட்டியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

“இது வேணாங்க. நூலைக் கலர் கலரா பிரிக்கச் சொல்லுங்க. சட்டை பட்டன் போடப் பழக்குங்க. அதெல்லாம் எவ்ளோ பழக்குனாலும் தப்பில்ல.”

“டைம் பாக்கணுமா சார்?”

“வேணாங்க. அவ எவ்ளோ நேரம் வேணா எடுத்துக்கட்டும்.”