கறுத்த அரைஞாண்

எண்பதுகளின் கடைசி. குரோம்பேட்டையைத் தாண்டி உள்ளே ஒரு தோல் ஷெட்டில் வேலை செய்தேன். தோல் கழுவிய தண்ணீர் எல்லாம் பின்பக்கத் தொட்டிக்கு வரும். இரண்டு ஆள் ஆழம். மாதம் ஒருமுறை அடிச்சேற்றை அள்ள வேண்டும். அது எங்கள் ஐந்து பேர் வேலை. என் படிப்பு மூன்றாம் வகுப்பு.

இறங்குவதற்கு எங்களுக்கு ஒரு முறை உண்டு. மூடியைத் திறப்போம். மூங்கிலால் சேற்றைக் கலக்குவோம். அழுகின முட்டை நாற்றம் குப்பென்று வரும். விளிம்பிலேயே நிற்போம். நாற்றம் நின்றதும் ஒருவன் இறங்குவான்.

அப்படி இறங்கினவன்தான் என் கூட்டாளி. ஏணியில் நாலாவது படியில் கையை விட்டுவிட்டான். இடுப்பில் கயிறு இருந்ததால் இழுத்துப் போட்டோம். பிழைத்தான். பேச்சு மட்டும் குழறிப் போச்சு. குடித்துவிட்டு இறங்கினான் என்று சூப்பர்வைசர் எழுதினார். அவன் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவன். சாராயம் தொட்டதில்லை.

ஆஸ்பத்திரிச் சீட்டை அவன் மனைவி என்னிடம் கொடுத்தாள். எல்லாம் இங்கிலீஷ். ஷெட்டில் தண்ணீரைச் சோதிக்க ஒரு மேடம் இருந்தார். நேராக அவரிடம் போய் நீட்டினேன்.

“இதுல இன்னா எழுதிக்கீதுன்னு சொல்லுங்க மேடம். குடின்னு இருந்தா குடின்னே சொல்லுங்க.”

படித்தார். குடி என்று இல்லை. அஸ்பிக்ஸியா என்று இருந்தது. அலமாரியிலிருந்து ஒரு தடிப் புத்தகம் எடுத்தார். டாக்டர்கள் பேசுகிற வார்த்தைக்கெல்லாம் அர்த்தம் போட்ட புத்தகம். அஸ்பிக்ஸியா என்றால் உடம்புக்குப் பிராணவாயு கிடைக்காமல் போவது. எதனால் என்று கேட்டேன். பக்கம் புரட்டினார். காற்றுப் படாத சேற்றில் ஒரு பாக்டீரியா இருக்கிறதாம். நாம் காற்றை வைத்து வாழ்கிற மாதிரி அது தோல் கழுவின தண்ணீரில் இருக்கிற சல்பேட் உப்பை வைத்து வாழுமாம். ஹைட்ரஜன் சல்பைடு என்று ஒரு வாயுவை விடும். முட்டை நாற்றம் அதுதான். சேற்றைக் கலக்கினால் அடங்கிக் கிடந்தது மொத்தமும் கிளம்பும். மூச்சில் போனால் உடம்பைப் பிராணவாயு எடுக்க விடாதாம்.

“நாத்தம் நின்னப்புறம்தானே மேடம் எறங்குனான்?”

“அந்த வாயு ஜாஸ்தியானா மூக்கு மரத்துப் போயிடும்ப்பா. நாத்தம் தெரியாது. வாயு அங்கேயேதான் இருக்கும்.”

பதினோரு வருஷம் அந்த மூக்கை நம்பி இறங்கியிருக்கிறேன். சீட்டை மடித்து வாங்கிக்கொண்டு வந்தேன்.

வேறு எதை நம்புவது என்று யோசித்தேன். எங்கள் ஆட்கள் வீட்டில் வெள்ளி எதுவும் வெள்ளையாக இருக்காது. அரைஞாண், மெட்டி எல்லாம் கறுக்கும். பெண்கள் திட்டிக்கொண்டே தேய்ப்பார்கள். இதுவும் அந்த வாயுதானா என்று மேடத்திடம் கேட்டேன். அதேதான் என்றார்.

அடுத்த மாதம் தொட்டி வேலை வந்தது. காலையில் என் வெள்ளி அரைஞாணைச் சாம்பல் போட்டுப் பளபளவென்று தேய்த்துக் கட்டிக்கொண்டு போனேன்.

கலக்கினோம். நாற்றம் வந்தது. நின்றது. இறங்கு என்றார் சூப்பர்வைசர். நான் கைலியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு அரைஞாணை அவிழ்த்தேன். ஆட்கள் சிரித்தார்கள்.

“இன்னா அண்ணா, கைலிய எதுல சொருகுவ?”

எங்களில் மூத்தவர் மட்டும் சிரிக்கவில்லை. “டேய், பொணத்துக்குத்தான்டா அத்த அவுப்பாங்க.”

“அதான் உசிரோட கீறப்பவே நானே அவுக்கிறேன்.”

கயிற்றில் கட்டித் தொட்டிக்குள் இறக்கினேன். ஒரு டீ குடிக்கிற நேரம் விட்டு மேலே இழுத்தேன். கரி மாதிரி இருந்தது. சிரித்தவர்கள் விளிம்பைவிட்டு ஓரடி பின்னால் நகர்ந்தார்கள்.

சூப்பர்வைசரும் பார்த்தார். “கறுத்தா என்னய்யா? தேய்ச்சா போயிடும். இறங்கு.”

“நான் கறுத்தா தேய்க்க முடியாது சார்.”

தொட்டியை மூடினேன். இருந்தது ஒரே ஏணி. அதைத் தூரமாக இழுத்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தேன். நானும் இறங்க மாட்டேன், எவனையும் இறங்க விட மாட்டேன் என்றேன். வேலையை விட்டே தூக்குவேன் என்று கத்தினார். தூக்குங்கள் என்றேன். மூத்தவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு மற்ற இரண்டு பேரும் வந்தார்கள். ஏணி வளைந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.

சாயங்காலம் மோட்டார் வந்தது. வெளியே நின்றே சேற்றை உறிஞ்சினார்கள். நான் இருந்தவரை அந்தத் தொட்டியில் யாரும் இறங்கவில்லை. நான் ரொம்ப நாள் இருக்கவில்லை. வாயாடி என்று சொல்லி நிறுத்திவிட்டார்கள். வீட்டில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாத ஆள் நான்; அதைக் கேட்டுவிட்டு என் வீட்டில் சிரித்தார்கள். திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறையில் சேர்ந்துகொண்டேன்.

சீட்டில் இருந்ததை மேடம் தமிழில் எழுதிக் கொடுத்தார். குடியால் அல்ல என்று கடைசி வரியில் எழுதச் சொன்னேன். எழுதினார். கூட்டாளி அதைத் தன் பைபிளுக்குள் வைத்திருக்கிறான்.

அரைஞாண் இன்னும் என் இடுப்பில்தான் இருக்கிறது. பொங்கலுக்குப் பொங்கல் தேய்த்துத் தரட்டுமா என்று மனைவி கேட்பாள். வேண்டாம் என்பேன். என் உடம்புக்கு வந்திருக்க வேண்டிய கறுப்பு அது, அப்படியே இருக்கட்டும்.