அவன் பெயரை எடுத்தது நான்தான்

பதினெட்டு வருஷம், மும்பை விக்ரோலியில் ஒரு கம்பெனியில் வெளிநாட்டுக்காரர்களின் வீடியோ கேம்களுக்கு மரமும் சுவரும் செருப்பும் வரைந்து கொடுத்தோம், நானும் என் சிநேகிதனும். நான் மாட்டுங்கா, அவன் தாராவி. ஆட்டம் முடிந்ததும் திரையில் ஓடும் பெயர்ப் பட்டியலில் அவர்கள் ஆபீஸ் நாயின் பெயர்கூட வரும். எங்கள் பெயர் ஒரு தடவையும் வந்ததில்லை. வெளியே கொடுத்து வேலை வாங்கினால் பெயர் போடுவது வழக்கமில்லை என்பார்கள். நாற்பதைத் தாண்டிய பிறகு வேலையை விட்டு, செம்பூரில் இரண்டு அறை பிடித்துச் சொந்த ஸ்டுடியோ தொடங்கியதற்கு ஊருக்கு ஆயிரம் காரணம் சொன்னோம். எங்களுக்குள் இருந்தது அந்தப் பட்டியல்தான்.

எங்கள் கேமில் மழையில் நனைந்த ஒரு சந்து வரும். அதிலுள்ள தகரம், குழாய், கொடியில் தொங்கும் சட்டை, எல்லாம் அவன் வரைந்தவை. வெளியிட ஆறு மாதம் இருக்கும்போது அவன் மனைவிக்கு டயாலிசிஸ் தொடங்கியது. நிலையான சம்பளம் வேண்டுமென்று வாஷியில் ஒரு ஆபீஸில் சேர்ந்தான். சரி போ என்று வாய் சொன்னது, வயிறு எரிந்தது. நட்டாற்றில் விட்டுப் போனான் என்று பார்த்தவர்களிடமெல்லாம் புலம்பினேன். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல்.

பட்டியல் தயாரித்தபோது அவன் பெயரை எடுத்துவிட்டேன். பாதியில் விலகியவர் பெயர் வராது, அது தொழில் வழக்கம் என்று ஸ்டுடியோவில் மற்றவர்களிடம் சொன்னேன்.

கேம் வெளியாகி ஒரு மாதம் கழித்துப் போன் செய்தான்.

"நல்லா வந்திருக்குலே. பாப்பாவும் நானும் கடைசி வரைக்கும் ஆடிட்டோம்."

அவன் மகளுக்குப் பத்து வயது.

"பேரு ஓடுச்சுல்லா, நிறுத்தி நிறுத்திப் பாத்தா. எங்கப்பா செஞ்ச கேம்னு ஸ்கூல் பூரா சொல்லிட்டுத் திரிஞ்சவ. வேகமா ஓடிருச்சு, நீ கவனிக்கலன்னு அவகிட்ட சொல்லி வச்சிருக்கேன். ஜானே தே, விடு."

ஏன் எடுத்தாய் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டுத் தப்பித்திருப்பேன். வெட்கத்தில் அழுகை வந்தது. அன்றைக்கே அவன் பெயரை முதல் வரியில் சேர்த்து அப்டேட் அனுப்பினேன். இரண்டு நாள் பொறுத்து, பாப்பாவிடம் காட்டினாயா என்று நானே கூப்பிட்டுக் கேட்டேன்.

"காட்டினேன். நீங்க அங்கிளுக்குப் போன் போட்டுக் கேட்டு வாங்கினதுதானேன்னுட்டா. கேட்கவே இல்லைன்னு சொன்னேன், நம்பலைலே."