பீரோவுக்குள் பூட்டிய வைஃபை

எங்கள் பழைய கட்டடத்தில் எல்லாக் கடைக்கும் சேர்த்து ஒரே வைஃபை. போட்ட நாளிலிருந்து என் புளி மண்டியில் சிக்னல் ஒரு கோட்டைத் தாண்டியதில்லை.

"காரைச் சுவரு தம்பி, அந்தக் காலத்துக் கனம். சிக்னல் எப்படி வரும்?" என்பார் கட்டடச் செயலாளர். அதற்கென்று பூஸ்டர் ஒன்றும் வாங்கி வந்தார். இருந்த ஒரு கோடும் வந்து வந்து போனது.

இன்று காலை கொச்சி வியாபாரி, குவியலைக் கிளறி வீடியோ காலில் காட்டினால்தான் லாரி அனுப்புவேன் என்றார். அவர் முகம் பாதியில் உறைந்து நின்றது.

மாடியேறிப் போய்ச் செயலாளரிடம் கேட்டேன்.

"அண்ணே, அந்த வைஃபை பெட்டிய எங்க வச்சிருக்கீக?"

"பத்திரமா இருக்கு தம்பி."

அவர் கை காட்டிய இடத்தில் இரும்பு பீரோ. அதில் நம்ம ஊர்ப் பூட்டு. இடுக்கு வழியே ஒயர் உள்ளே போகிறது. பூஸ்டரும் உள்ளேதான்.

"இரும்புக்குள்ள வச்சா சிக்னல் எப்படிண்ணே வெளிய வரும்?"

"வெளிய வச்சா களவாண்டுட்டுப் போயிருவாய்ங்க. திண்டுக்கல்லுல பொறந்துட்டு பூட்டாம வைக்கச் சொல்ற?"

சண்டை போட்டுத் திறக்க வைத்தேன். உடனே போனில் முழுக் கோடு. கொச்சிக்காரரைக் கூப்பிட்டால், பக்கத்து ஊர் நத்தத்தில் வேறு மண்டியில் பேசி முடித்துவிட்டாராம்.

மதியம் சாப்பிட்டு வந்தால் மறுபடி சிக்னல் இல்லை. பெட்டி இருக்கும் இடம் எனக்குத் தெரிந்துவிட்டதாம். அதனால் இன்னும் பெரிய பூட்டு.

உங்கள் கட்டடத்துச் செயலாளர் எதை எதற்குள் பூட்டி வைத்திருக்கிறார்? சொல்லுங்கள், எனக்குக் கொஞ்சம் மனசு ஆறும்.