வருத்தம் பார்க்கப் போகும் ஜிம்மி

"நாய்ப் பிழைப்பு" என்று மாதக் கடைசியில் அலுத்துக்கொள்ளும் அன்பர்களே, என்னைப் பாருங்கள்: எனக்குச் சம்பளமே நாயைக் கூட்டிக்கொண்டு போவதற்குத்தான். கொழும்பில், கடும் நோயோடு வீட்டில் இருப்பவர்களைப் பராமரிக்கும் சிறிய நிறுவனம் ஒன்றில் வேலை. என் வீட்டில் வளரும் ஜிம்மியோடு வெள்ளவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் போய், நோயாளிக்குப் பக்கத்தில் அவனைப் படுக்க விட்டுச் சும்மா இருக்க வேண்டும். சும்மா இருப்பதுதான் கஷ்டம்.

லிஃப்ட்

வெள்ளவத்தையில் சிவபாதம் அங்கிளுக்கு ஈரலில் புற்றுநோய். வீடு ஐந்தாம் மாடியில். அந்தக் கட்டடத்தில் நாய்க்குத் தடை என்பதால் அவர் மனைவி புவனா அன்ரி வாசல் காவலாளியிடம், "டொக்டர் வருவார்" என்று மட்டும் சொல்லி வைத்திருந்தார். காவலாளி என்னைப் பார்த்தார். சிவப்புச் சட்டை போட்டிருந்த ஜிம்மியைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். லிஃப்ட் அங்கே குடியிருப்பவர்களுக்கும் டொக்டருக்கும் மட்டும்தானாம். நன்றாக யோசித்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்: "மிஸ், டொக்டர் லிஃப்ட்டில போகலாம். நீங்க படியில ஏறுங்க."

எங்கே நோகுது?

அங்கிள் வைத்தியரிடம் "ஒண்டும் நோகேல்லை" என்பார். மனைவியிடமும் அதே பதில். லண்டனிலிருந்து மகள் வீடியோவில் அழுதாலும் அதே பதில். ஒருநாள் நான் தேத்தண்ணிக் கோப்பையை வைக்கக் குசினிக்குப் போனபோது அன்ரி என் கையைப் பிடித்து நிறுத்தினார். திரைச்சீலைக்கு அப்பால் அங்கிள் ஜிம்மியோடு கதைத்துக்கொண்டிருந்தார்: "வலப்பக்கம் கத்தியால குத்துற மாதிரிக் கிடக்கடா. நித்திரையே இல்லை. இவளுக்குச் சொன்னால் பயந்துபோவாள்."

அன்ரி சத்தமில்லாமல் அழுதார். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு வைத்தியருக்குப் போன் எடுத்தார். மருந்து மாறியது, அங்கிள் நித்திரை கொள்ளத் தொடங்கினார். யார் காட்டிக்கொடுத்தது என்று அவருக்கு இன்னும் தெரியாது. ஜிம்மியைத்தான் சந்தேகப்படுகிறார். அன்ரியோ நான் கிளம்பும்போதெல்லாம் வாசலில் மறித்துக் கேட்கிறார்: "பிள்ளை, இண்டைக்கு அவர் நாயிட்ட என்ன சொன்னவர்?"

மேல்மாடி ஹாஜியார்

கொட்டாஞ்சேனையில் ஒரு ஹாஜியார். இதயம் பலவீனம், படி இறங்கக் கூடாது. தொழுகைக்குச் சுத்தம் வேண்டும் என்பதால் நாயைத் தொடமாட்டார். ஆனால் பார்க்கக் கொள்ளை ஆசை. ஆகவே அவர் பல்கனியில், நாங்கள் கீழே ஒழுங்கையில். கொதிக்கிற வெயிலில் நானும் ஜிம்மியும் அணிவகுப்பு மாதிரி மேலும் கீழும் நடப்போம். மீன்காரர் சைக்கிளை நிறுத்தி வேடிக்கை பார்ப்பார். மேலேயிருந்து கட்டளை வரும்: "மகள், அவரக் கொஞ்சம் திருப்புங்க, மொகம் வெளங்குதில்ல!"

மொட்டை

தோல் வியாதி வந்து, மிருக வைத்தியர் ஜிம்மியை முழுக்க மழித்துவிட்டார். உரித்த கோழி மாதிரி என் கட்டிலுக்கு அடியில் போய்க் கிடந்தான். "இந்தக் கிழமை வரமாட்டோம்" என்று கொட்டாஞ்சேனை பிலோமினா அன்ரிக்குக் காரணத்தோடு அறிவித்தேன். அவருக்கு மார்பில் புற்றுநோய். கீமோவில் முடி கொட்டியதிலிருந்து பூசைக்குக்கூடப் போவதில்லை. அவருடைய மொட்டைத் தலையைக் கணவர்கூடக் கண்டதில்லை, வீட்டுக்குள்ளும் ஸ்கார்ஃப்தான்.

அன்று பின்னேரம் என் வாசலில் ஓட்டோ வந்து நின்றது. நல்ல சேலை, தலையில் ஸ்கார்ஃப், கையில் கோழி சூப்போடு பிலோமினா அன்ரி! நேரே அறைக்குள் போய்த் தரையில் இருந்தார். கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார். பிறகு, நான் பார்த்துக்கொண்டு நிற்க, ஸ்கார்ஃபைக் கழற்றி மடியில் வைத்தார். ஜிம்மி மெல்ல வெளியே வந்து அந்தத் தலையை முகர்ந்து பார்த்தான். அன்ரி அவன் காதில் சொன்னார்: "பயப்படாத மகன், முடி திரும்ப வளருமாம். எனக்கும் அப்படித்தான் சொல்லியிருக்கிறாங்க."

இந்தத் தொழிலில் பஸ் பிடிப்பதும் வேர்ப்பதும் மணி அடிப்பதும் நான்தான், ஆனால் கதவு திறந்ததும் எல்லோரும் குனிந்து சுகம் விசாரிப்பது என் முழங்காலுக்குக் கீழேதான்.