மாலை போட்ட படத்தோடு பசறைக்குப் போனேன்

அப்பா போன வருடம் இறந்தார். கொழும்பு வெள்ளவத்தை வீட்டைக் காலி செய்தபோது, சுவரில் இருந்த பழைய படங்களையெல்லாம் தம்பி என் தலையில் கட்டிவிட்டான். நாங்கள் கொழும்புக்கு வருமுன் பதுளை பஜாரில் தாத்தா வைத்திருந்த துணிக்கடை, வாசலில் தாத்தா, அப்புறம் ராஜேஸ்வரி அத்தை. அப்பாவின் தங்கை. இரட்டைப் பின்னலோடு ஸ்டூடியோ நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து ஆள் ஒருவரைக் கட்டிக்கொண்டு போனார், பிறகு மண் சரிந்து, தொழிலாளர் குடியிருக்கும் லயத்தோடு போய்விட்டார் என்றுதான் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். அவர் படத்துக்குச் சந்தனம் வைத்து, மாலை போட்டு, வெள்ளிக்கிழமை தவறாமல் அப்பா பூ வைப்பார்.

படங்களில் உள்ள இடங்களை நேரில் பார்த்து எழுதலாம், அத்தை இறந்த இடத்தில் ஒரு விளக்கும் ஏற்றலாம் என்று மார்ச் மாதம் கிளம்பினேன். பதிவுக்குத் தலைப்புகூட யோசித்து வைத்திருந்தேன். அதை இப்போது சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவு உருக்கம்.

கோட்டையிலிருந்து காலை 5.55 ரயில். பதுளை போய்ச் சேர மாலை நான்கு தாண்டிவிட்டது. தாத்தாவின் கடை இப்போது போன் கடை. மாடி ஜன்னல் மட்டும் படத்தில் இருக்கிறபடியே இருந்தது. அதன் கீழே நின்று ஏகப்பட்ட படம் எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை பசறை பஸ். இருபது கிலோமீட்டர்கூட இல்லை, ஆனால் வளைவுகளால் ஒரு மணி நேரம் பிடிக்கும். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏறாதீர்கள். பசறையிலிருந்து தோட்டத்துக்குப் போய்வர ஆட்டோ ஆயிரத்து ஐந்நூறு கேட்டார்கள். பேரம் பேசவில்லை. தோட்டத்தின் பெயரை அப்பா எப்போதோ வாய்தவறிச் சொல்லியிருந்தார், அதுதான் என் ஒரே தடயம்.

"யார் வீட்டுக்குங்க?" என்றார் டிரைவர். விஷயத்தைச் சொன்னேன். "போட்டோவக் காட்டிக் கேப்போம், லயத்துல யாருக்காச்சும் தெரியும்," என்றார்.

பீலியில் குடத்துக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த ஓர் அக்காவிடம் படத்தை நீட்டினேன். அவர் ஈரக் கையைத் துடைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார்.

"இது நம்ம பதுளைக் கடைக்காரம்மாவாச்சே! அதே மூக்கு. எதுக்குங்க மாலை போட்டிருக்கீங்க? காலைலகூட இங்கதான் தண்ணி புடிச்சாங்க."

அப்படியே திரும்பி ஆட்டோவில் ஏறிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. அதற்குள் அந்த அக்கா குரல் கொடுத்துவிட்டார். லயத்தின் கடைசிக் காம்பராக் கதவைத் திறந்துகொண்டு ஓர் அம்மா வந்தார். அப்பாவின் மூக்கு. படத்தை அவசரமாகப் பைக்குள் திணித்தேன். நான் யாரென்று சொன்னதும் என் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்தார். அப்பா போய்விட்டதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் அழுதார். பிறகு பிளேன்டீ வந்தது.

"பையில என்னம்மா வெளிய தொங்குது?"

மாலைதான். நான் வாய் திறக்குமுன், "உங்க போட்டோதாங்கம்மா," என்றார் வாசலில் நின்ற டிரைவர்.

அத்தை அதை வாங்கி மடியில் வைத்துப் பார்த்தார். "சந்தனமெல்லாம் வச்சிருக்கீங்க. என்னைக்கு எனக்குத் தெவசம்?"

"ஆடி அமாவாசைக்கு, அத்தை."

"என்ன படைப்பீங்க?"

"வடை, பாயாசம்..."

"பாயாசம் எனக்கு ஆகாதே. அண்ணனுக்குத் தெரியுமே."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அந்தப் பாயாசத்தை வருடா வருடம் இரண்டு தம்ளர் குடித்தவள் நான்.

"நீங்க இருக்கிறது அப்பாவுக்குத் தெரியாது, அத்தை," என்றேன். அப்படியே இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

"அதெப்படிம்மா? நீங்க பதுளையில இருந்தப்ப, பசறை பஸ் ஸ்டாண்டுல எதுக்க எதுக்கப் பாத்தோம். ஒரு சின்னப் பிள்ளையக் கையில புடிச்சிருந்தாரு, நீயாத்தான் இருக்கணும். அண்ணேன்னு கூப்பிட்டேன். கேக்காத மாதிரிப் போயிட்டாரு."

அந்த வார வெள்ளிக்கிழமையும் அப்பா பூ வைத்திருப்பார். கடைவீட்டுப் பெண் லயத்துக்கு வாழப் போனதை ஊருக்குச் சொல்வதைவிட, செத்துப்போனாள் என்று சொல்வது எங்கள் வீட்டுக்குச் சுலபமாக இருந்திருக்கிறது. மன்னிப்புக் கேட்டேன். யாருக்காகக் கேட்கிறேன் என்றே தெரியவில்லை. அத்தை மாலையைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தார். பழைய சந்தனம், லேசில் போகவில்லை. "இத வச்சுட்டுப் போம்மா. சின்ன வயசுப் போட்டோ எங்கிட்ட ஒன்னுமில்ல."

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். ரயில் சீட்டை முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். பதுளையில் ஐயாயிரத்துக்குள் சுத்தமான அறை கிடைக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தோட்டப் பாதைகளைத் தவிருங்கள். குடும்பப் படங்களை எடுத்துப்போனால் மாலையைக் கழற்றிவிட்டுக் கொண்டுபோங்கள். வீட்டில் சொன்ன கதையை அப்படியே நம்பிப் போகாதீர்கள்.

ஆட்டோ வரை வந்த அத்தை, "வர்ற ஆடி அமாவாசைக்கு என்ன செய்யப்போறீங்க?" என்று கேட்டார். ஆட்டோவில் வைத்த காலைக் கீழே இறக்கினேன்.

"எல்லாரும் இங்க வாங்க," என்றார். "அண்ணனுக்கு நான் சமைச்சுப் படைக்கிறேன்."